கால் எட்டும் உயரம்

மோட்டார் சைக்கிள் வாங்கிய கதையை இலக்கியப் பக்கமொன்றில் எழுதலாமா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. சிறுகதையும் கவிதையும் மொழிபெயர்ப்பும் வருகிற இடத்தில் இரும்புக்கும் பெட்ரோலுக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால் நாற்பதை எட்டும்வரை இருசக்கர வாகனத்தின் கைப்பிடியைத் தொட்டே அறியாத கணவனும் மனைவியுமாகிய நாங்கள், எங்கள் முதல் வண்டியைத் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டோம். அந்த எட்டு மாதத்தில் எங்களுக்குத் துணைநின்றவர்கள் இருவர். ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக். மற்றவர் எங்கள் ஊருக்கு வழிசொல்லி நெடும்பாட்டொன்று பாடிய சங்கப் புலவர். ஆகவே எழுதலாம் என்று துணிந்தோம். இருவரும் சேர்ந்து வாங்கியதால் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

செங்கம் வழிகளின் ஊர். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலைக்கும் அதற்கப்பால் புதுச்சேரிக்கும் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. வடக்கே ஜவ்வாது மலைத்தொடர். மலைகளுக்கு இடைப்பட்ட இந்தக் கணவாய் வழியாகத்தான் மைசூர்ப் பக்கத்துப் படைகள் சமவெளிக்கு இறங்கின. 1767ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஐதர் அலியின் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படையும் இங்கே மோதிக்கொண்டதை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எங்கள் தேவை படையெடுப்பு அன்று. பரமனந்தலைத் தாண்டி மலையேறி, ஜமுனாமரத்தூர்ச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகிற சிற்றூர்ப் பள்ளி ஒன்றுக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் அந்தப் பள்ளியில் ஆசிரியை. மற்றவர் செங்கத்தில் நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மலைக்குப் போகும் காலைப் பேருந்தை நம்பி மூன்று ஆண்டுகள் ஓடின. பேருந்து வந்த நாட்கள் அதிகம்; வராத நாட்களும் இருந்தன. வராத நாட்களில் பால் வண்டி, காய்கறி ஏற்றப் போகும் சிறு லாரி, வனத்துறைக்காரர் எவரேனும் இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்ளும் ஜீப். ஒருநாள் இவை எதுவும் அமையவில்லை. பள்ளியில் இருப்பவர்கள் இரண்டே ஆசிரியர்கள். மற்றவரும் அன்று விடுப்பு. மறுநாள் போனபோது சத்துணவு சமைக்கும் அம்மாள் சொன்னார்: "பிள்ளைங்க மதியம் வரைக்கும் படியிலேயே உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க டீச்சர். சோத்தப் போட்டு நாந்தான் வீட்டுக்கு அனுப்பிச்சேன்." அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அன்றிரவு எங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. வண்டி வாங்குவது என்ற பேச்சு பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இரவில்தான் எங்கள் வாயில் வந்தது.

ஏன் அத்தனை ஆண்டுகள் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2011ஆம் ஆண்டு இறுதியில், திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம், எங்கள் அண்ணன் இரவில் வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தார். புளியமரங்கள் நிற்கும் சாலை. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணை மறைத்தது. ஓரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கின்றி நின்றிருந்தது. அவருடைய தலைக்கவசம் அப்போது வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஓட்டிய வண்டி எது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பழி வண்டியைச் சேர்ந்ததன்று. ஆனால் அம்மா அன்றிலிருந்து ஒரே ஒரு சொல் சொன்னார்: "இந்த வாசல்ல இனிமே அது நிக்கக் கூடாது." அதை நாங்கள் மீறியதில்லை. அண்ணனின் தலைக்கவசத்தை ஆணியிலிருந்து யாரும் எடுத்ததுமில்லை.

இப்போது மீறவேண்டியிருந்தது. அம்மாவிடம் சொல்லும் துணிவு வராததால் முதலில் உலகத்திடம் சொன்னோம். உலகம் உடனே பேசத் தொடங்கியது. சகோதரி மகன், பெங்களூரில் வேலை பார்ப்பவன், இருநூறு சிசிக்குக் குறைந்து எதையும் பார்க்கவே கூடாது என்றான். மலைச்சாலையில் 'பிக்கப்' வேண்டுமாம். மண்டி முதலாளி புல்லட்டைத் தவிர வேறெதற்கும் கௌரவம் கிடையாது என்றார். 1955இல் சென்னை மாநகரத்தை ஒட்டிய திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கி, இன்றும் தமிழ்நாட்டிலேயே பிறக்கும் வண்டி அது. அவர் பெருமையில் ஓர் ஊர்ப்பற்றும் கலந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருக்க வேறெதற்கு என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் தண்ணீர்க்குடம், ஆட்டுக்குட்டி, உரமூட்டை, பள்ளிப்பிள்ளைகள் எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். மலைமக்கள் அதிலேயே சாமை மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கி வருவதைக் கண்டிருக்கிறோம்.

எங்களுக்குள்ளும் ஆசைகள் இருந்தன, மறைப்பானேன். எங்களில் ஒருவருக்குக் கல்லூரி நாட்களிலிருந்து யமஹா ஆர்.எக்ஸ். 100 மீது மயக்கம். 1985இல் வந்து 1990களின் நடுவில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் ஓசையைத் தெருமுனையிலேயே அடையாளம் சொல்லிவிடுவார். மற்றவருக்கு நிமிர்ந்த நெடிய உருவமுள்ள மலைப்பயண வண்டியின்மீது கண். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தபோது எங்கள் ஆசை மேலும் ஒரு படி ஏறியது. விலைப்பட்டியல்களை இரவெல்லாம் ஒப்பிட்டோம். குதிரைத்திறன், முறுக்குவிசை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். எண்கள் பெருகப் பெருகத் தெளிவு குறைந்தது.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் மலைபடுகடாத்தை மீண்டும் எடுத்தோம். வண்டிக்காக எடுத்ததன்று. உள்ளூர் வாசக நண்பர்கள் சிலர் மாதமொருமுறை கூடிப் பத்துப்பாட்டைப் படித்து வந்தோம். அம்மாதம் அதன் முறை. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், நன்னன் சேய் நன்னனைப் பாடிய 583 அடிகள். நன்னனின் ஊரான செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பது அறிஞர் கொள்கை. பாட்டில் வரும் சேயாறு எங்கள் செய்யாறு. கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர் உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையில் வரும் வேறொரு கூத்தனை மறித்து, எங்கள் ஊருக்கு வருவது எப்படி என்று சொல்வதே பாட்டு.

அதைப் பள்ளியில் பாடமாகப் படித்தபோது நன்னனின் புகழ்தான் பாட்டின் பொருள் என்று நினைத்திருந்தோம். இம்முறை வேறொன்று கண்ணில் பட்டது. வழிசொல்கிறவன் எதிலிருந்து தொடங்குகிறான்? சுமையிலிருந்து. முழவும் ஆகுளியும் கொம்பும் தூம்பும் குழலும் எப்படிப் பைகளில் கட்டிக் காவப்பட்டிருக்கின்றன என்பது முதலில் வருகிறது. அடுத்து, உடன்வரும் விறலியரின் பாதத்தைப் பார்க்கிறான். கல்லில் மோதி நொந்த சிறிய பாதம். அதன்பிறகுதான் வழி. வழியில் காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட வீசும் கவண்கல் தப்பி வரும். பாசி படிந்த வழுக்குப் பாறை இருக்கும். பாம்பு உறையும் குழி இருக்கும். இரவானால் நடக்கவேண்டாம், குகையில் தங்குங்கள் என்கிறான். போகவேண்டாம் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. எப்படிப் போகவேண்டும் என்று சொல்கிறான். அச்சமூட்டுவதற்கும் எச்சரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று அந்தக் கூட்டத்தில் நெடுநேரம் பேசினோம்.

அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் போனோம். ராஜ்தூத், மைசூரிலிருந்து வந்த எஸ்டி என்று எல்லாக் காலத்து வண்டிகளையும் பிரித்துச் சேர்த்தவர். எங்கள் பட்டியலை நீட்டினோம். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எந்த ரோடு சார்? பின்னால யாரு உக்காருவாங்க? டீச்சருக்குக் கால் எட்டுமா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வழி, சுமை, பாதம். அவர் மலைபடுகடாம் படித்தவர் அல்லர். வழி தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி எக்காலத்திலும் ஒன்றுதான் போலும்.

முதலில் வழி. பரமனந்தலுக்கு மேலே சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. மழைக்காலத்தில் ஓடைகள் மண்ணையும் சரளையையும் சாலைமேல் கொண்டுவந்து போடும். உதிர்ந்த இலை நனைந்து கிடந்தால் பாசிப்பாறையைவிட மோசம். மார்கழியில் வளைவுகளில் பனி தேங்கி நிற்கும். இந்தச் சாலையில் வேகம் ஒரு தேவையே அன்று. முப்பது, நாற்பதுக்கு மேல் போக இடமில்லை. ஆகவே மருமகனின் இருநூறு சிசி அங்கேயே விழுந்தது. "ஏத்தத்துல எந்த வண்டியும் ஏறும் சார். எறக்கத்துலதான் வண்டியோட கொணம் தெரியும்" என்றார் மெக்கானிக். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு மலையிறங்குகிறவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம். பிரேக்கை மட்டுமே நம்பி நெடுந்தூரம் இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியர் மாற்றும் வண்டியாக இருப்பது இதற்கு நல்லது என்றார். கியரில்லாத ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் குழியில் இறங்கும் அளவுக்குப் பதினெட்டு அங்குலச் சக்கரம் இறங்காது என்பது அவர் சொன்ன அடுத்த காரணம்.

பிறகு சுமை. பெரும்பாலும் ஒருவர். சில நாள் இருவர். ஒரு பை நிறைய நோட்டுப் புத்தகங்கள். மாதத்தில் ஒருமுறை மலையிலிருந்து புளியோ சாமையோ தேனோ. "அவ்ளோதானே? இதுக்கு நூறு சிசி போதும்" என்றார். பின்னால் உட்காரப்போவது யார் என்ற கேள்விக்கு நாங்கள் முழுவதுமாக விடை சொல்லவில்லை. வீட்டில் வயதான தாயார் இருக்கிறார், அவர் ஏறமாட்டார் என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு, புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்கும் கம்பிக்காப்பும், பக்கவாட்டில் உட்காருபவர் கால்வைக்கும் பலகையும் இருக்கிற வண்டியாகவே பாருங்கள் என்றார்.

கடைசியாகப் பாதம். இதற்காக விற்பனைக் கூடங்களுக்குப் போய் வண்டிகள்மீது வெறுமனே உட்கார்ந்து எழுந்தோம். ஓட்டத் தெரியாதவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. இருக்கையில் அமர்ந்தால் இரண்டு உள்ளங்காலும் தரையில் முழுமையாகப் படவேண்டும். விரல்நுனி மட்டும் பட்டால், சரிவில் நிற்கும்போது வண்டி நம்மைச் சாய்த்துவிடும். நெடிய மலைப்பயண வண்டியில் எங்களில் ஒருவருக்கு விரல்நுனி பட்டது, மற்றவருக்கு அதுவுமில்லை. புல்லட்டில் அமர்ந்தபோது கால் எட்டியது. ஆனால் அதைச் சற்றே சாய்த்து நிமிர்த்துங்கள் என்றார் மெக்கானிக். 195 கிலோ. எங்களால் நிமிர்த்த முடியவில்லை. விற்பனையாளர் ஓடிவந்து பிடித்தார். ஹீரோ ஸ்பிளெண்டர் 112 கிலோ. இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் அழுத்தமாகத் தரையில் பட்டன. சாய்த்தோம், நிமிர்த்தினோம். 1994இல் ஹீரோ ஹோண்டா என்ற பெயரில் வந்து, அந்தக் கூட்டு பிரிந்த பிறகும் தொடர்கிற வண்டி. ஊரில் பத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றும். அதில் யாருக்கும் மயக்கம் வருவதில்லை. எங்களுக்கும் வரவில்லை.

ஆர்.எக்ஸ். 100 மீது மயங்கியவர் அன்று மாலை முழுவதும் பேசாமல் இருந்தார் என்பதையும் பதிவு செய்கிறோம். ஒரு கனவை எடைபோட்டுப் பார்த்துக் கீழே வைப்பது எளிதன்று. ஆனால் முதல் வண்டி என்பது நாம் யாராக விரும்புகிறோம் என்பதைக் காட்டுவதற்கானது என்று எண்ணியிருந்தோம். இப்போது நாம் யார், நம் கால் எவ்வளவு நீளம், நம் கை எவ்வளவு தூக்கும் என்று கேட்பதற்கானது என்று புரிந்தது.

புதிது வேண்டாம், பழையதையே வாங்குங்கள் என்றார் மெக்கானிக். "எப்படியும் கீழ போடுவீங்க. மொதக் கீறல் வேற யாராச்சும் போட்டதா இருந்தா மனசு வலிக்காது." 2021இல் பதிவான ஸ்பிளெண்டர் ஒன்று அமைந்தது. அவர் விடியற்காலையில் எங்களை அழைத்துக்கொண்டு போய் முதலில் எஞ்சின்மேல் கைவைத்துப் பார்த்தார். நாம் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் கிளம்பும் லட்சணம் தெரியாதாம். பிறகு நடுத்தாங்கியில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியைத் திருப்பி கோன் செட்டைப் பார்த்தார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டார். காப்பீடு எந்நாள்வரை என்று படித்தார். பின்பிரேக்கை மிதித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு அந்த வண்டியில் இருந்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமாகியிருந்தது. புதிதாக ஓட்டுபவர்கள் பதற்றத்தில் காலால் மட்டுமே மிதிப்பார்கள். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குரியது என்பதை மறந்துவிடுவார்கள். அந்த மறதிக்கு இது ஓரளவு துணை.

வண்டி வந்தது. எங்கள் வாசலுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் முற்றத்தில், தார்ப்பாய் போர்த்தி நிறுத்தினோம். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பழகுநர் உரிமம் எடுத்தோம். முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போகமுடியும். அந்த முப்பது நாளும் ஊருக்கு வெளியே காலி மனைகளுக்கு நடுவில் விடியற்காலையில் பழகினோம். கிளட்ச்சைப் பாதி விட்டுப் பிடிப்பது, எட்டுப் போடுவது, கால் ஊன்றாமல் மெதுவாகத் திரும்புவது. வேகமாகப் போவது ஒருநாளில் வந்துவிட்டது. மெதுவாகப் போவதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

இருவரும் எட்டுப் போட்டு உரிமம் வாங்கிய பிறகே மலைக்குக் கிளம்பினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏறியது நன்றாகவே நடந்தது. குப்பநத்தம் அணையின் நீர் ஒளிர்வதை ஓரிடத்தில் நின்று பார்த்தோம். திரும்பும்போது, இரண்டாவது கியரில் இறங்கிய வண்டி, வளைவொன்றில் சரளைக்கல்லில் முன்சக்கரம் வழுக்கிச் சாய்ந்தது. வேகம் குறைவு. தடித்த சட்டையும் தலைக்கவசமும் இருந்தன. ஒருவர் உள்ளங்கையில் தோல் உரிந்தது. மற்றவர் முழங்காலில் சிராய்ப்பு. சாலையில் யாருமில்லை. சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வண்டியை நிமிர்த்தினோம். நிமிர்ந்தது. பக்கத்தாங்கியைப் போட்டு நிறுத்திவிட்டு, கைகால் நடுக்கம் நின்றபின் கிளப்பினோம். கிளம்பியது.

உள்ளங்கைக் கட்டை மறைக்க முடியவில்லை. அம்மா இரவு சோறு போடும்போது கேட்டார்: "எங்க விழுந்தீங்க?"

நாங்கள் விழித்தோம்.

"தார்ப்பாயப் போட்டு மூடினா எனக்குத் தெரியாதா? எங்க விழுந்தீங்க, சொல்லுங்க."

சொன்னோம். மலைச்சாலை, வளைவு, சரளை.

"யாரு தூக்கி விட்டது?"

"யாரும் இல்லம்மா. நாங்களேதான் தூக்கினோம்."

அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் விழுந்து கிடந்த இடத்தில், வழியில் போன யாரோ பார்த்து, யாரோ தூக்கி, யாரோ தொலைபேசியில் சொல்லி எங்களுக்குச் செய்தி வருவதற்குள் எத்தனை நேரம் ஆயிற்று என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தூக்கியது யார் என்ற கேள்வி அந்த நேரத்திலிருந்து வந்தது. 112 கிலோ என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்று விலைப்பட்டியலைப் பார்த்தபோது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு தெரிந்தது.

மறுநாள் காலை அம்மா பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போய்த் தார்ப்பாயை நீக்கி வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கால்பலகையை விரலால் தட்டினார். "இதுல உக்காந்தா எனக்குக் கால் எட்டுமா?" என்று கேட்டார். ஏறி அமர்ந்தார், எட்டியது. "என்ன அந்தப் புளியமரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். இத்தனை ஆண்டுகளில் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்பவர் அவர்.

கிளம்பும் காலையில் அம்மா அண்ணனின் தலைக்கவசத்தை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டித் தலையில் வைத்துப் பார்த்தார். என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருக்கும் நுரை காலத்தால் இற்றுப்போய் அடியைத் தாங்காது என்பதே உண்மை, அதைத்தான் சொன்னோம். அவர் அதை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் புதியதை வாங்கி அணிந்துகொண்டார். வண்டியில் இருவருக்குத்தானே இடம். எங்களில் பதறாமல் ஓட்டுபவர் ஓட்டினார். மற்றவர் முன்னதாகப் பேருந்தில் போய் அங்கே இறங்கிக் காத்திருந்தார். நல்ல வெளிச்சம். நாற்பதைத் தாண்டாத வேகம்.

மலைபடுகடாத்தின் வழியில் நடுகற்களும் வருகின்றன. பிரிந்து செல்லும் வழிகளில் பெயரெழுதி நட்ட கற்கள் பல இருக்கும். அங்கே உங்கள் மரபுப்படி இசைத்துவிட்டு விரைந்து செல்லுங்கள் என்பது அவன் சொல்லும் முறை. செங்கம் வட்டாரத்தின் நடுகற்கள் பின்னாளில் புகழ்பெற்றவை. ஆநிரை மீட்டு இறந்தவர்களுக்கான கற்கள். எடுத்தனூரில் தலைவனோடு நின்று போரிட்ட கோவிவன் என்னும் நாய்க்குக்கூடப் பெயர் பொறித்திருக்கிறார்கள். சாலையில் இறப்பவர்களுக்கு அப்படிக் கல் நடும் வழக்கம் இன்று இல்லை. அந்தப் புளியமரத்தில் நெடுஞ்சாலைக்காரர்கள் அடித்த வெள்ளைப் பட்டையும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன.

அம்மா மரத்தின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. மடியிலிருந்து கற்பூரம் எடுத்து ஏற்றினார். காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சற்று நேரம் கழித்துச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டினார். கழுத்துப் பட்டையை அவருக்குப் போடத் தெரியவில்லை, நாங்கள் போட்டுவிட்டோம்.

"வெயில் ஏறுது, கெளம்பலாம்" என்றார். வண்டியில் ஏறி அமர்ந்து காலைப் பலகையில் ஊன்றிக்கொண்டபின், "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களப் பாக்க மலைக்கு எப்பக் கூட்டிக்கிட்டுப் போவீங்க?" என்று கேட்டார்.

அன்று மாலையிலிருந்து வண்டி எங்கள் வாசலில்தான் நிற்கிறது.